கரண்டு வைக்கிற பெண்ணுக்கு ரத்தம் எங்கே போகிறது?

நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு காலனி. காலை ஒன்பது மணி. விடியும் முன்பே மல்லிகைத் தோட்டங்களுக்குப் போன பெண்கள் பூப்பறித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். நாம் பார்க்கப் போன அம்மா வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். வயது 52. போன வருடம் வரை அவரும் பூப்பறித்தவர்தான். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை முடித்து 4 மாதம் ஆகிறது. பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

"நோய்க்கு வைத்தியம் பாக்கப் போனோம் தம்பி. ஆனா அலைஞ்சதெல்லாம் ரத்தத்துக்குத்தான்" என்றார்.

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் கழித்து மறுபடி உதிரப்போக்கு. சூடு என்று நினைத்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்திருக்கிறார். ஆறு மாதம் அப்படியே போயிருக்கிறது. பிறகு ஆரம்ப சுகாதார நிலையம், அங்கிருந்து திண்டுக்கல், சதை எடுத்துப் பரிசோதனை, கடைசியில் கதிர்வீச்சு இயந்திரம் உள்ள பெரிய ஊர் மருத்துவமனை. அங்கே முதல் நாள் பார்த்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2.

"எட்டு பாயின்ட்டு கூட இல்ல. ரத்தத்த ஏத்துனாத்தான் கரண்டு வைப்போம், ரெண்டு பேரக் கூட்டிட்டு வாங்கன்னு சொன்னாக" என்றார். காலனியிலிருந்து நான்கு இளைஞர்கள் வேலையை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருவர் எடை 45 கிலோ வரவில்லை. இன்னொருவருக்கு ஹீமோகுளோபின் 11.8. கொடுப்பவருக்கு 12.5 இருக்க வேண்டும் என்பது விதி. இருவர் மட்டும் கொடுத்தார்கள். இரண்டு யூனிட் ஏற்றிய பிறகு சிகிச்சை தொடங்கியது.

மூன்றாவது வாரம் "கவுண்ட்" இறங்கியது. அந்த வாரக் கீமோவை நிறுத்தினார்கள். நான்காவது வாரம் காய்ச்சல். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்திருந்த நேரம். ஊரில் ஊசி போடுகிறவரிடம் ஓர் ஊசி, இரண்டு மாத்திரை. திங்கட்கிழமை காலையில் எழ முடியவில்லை. மருத்துவமனையில் சேர்த்து, நரம்பு வழியே மருந்து ஏற்றி, மறுபடி ஒரு யூனிட் ரத்தம். இதில் 6 நாள் கதிர்வீச்சு விட்டுப்போனது.

இவரைப் பார்த்துவிட்டு வந்த உறவுக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோன செய்தி ஒன்றுதான்: கரண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. நான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு காலனியில் 44 வயதுப் பெண் ஒருவர் 13-வது நாளோடு சிகிச்சையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். நாம் போனபோது அவர் விட்டு 9 நாள் ஆகியிருந்தது. "இருக்குற கொஞ்ச ரத்தத்தையும் உறிஞ்சிட்டா அப்புறம் எதை வச்சு பொழைக்கிறது?" என்று கேட்டார் அவர் கணவர்.

இந்தக் கேள்விக்கு வார்டில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லவில்லை என்பதால் இந்த வாரம் இங்கே அதைச் சொல்ல முயல்கிறோம்.

ரத்தம் ஊறும் இடம்

கதிர்வீச்சு ரத்தத்தை உறிஞ்சுவதில்லை. ஆனால் ரத்தம் குறைவது உண்மை. அதை மறைக்கவும் வேண்டாம்.

ரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ஊறுகின்றன. குழந்தைக்குக் கை கால் எலும்புகள் உட்பட எல்லா எலும்பிலும் ஊறும். வளர்ந்தவர்களுக்கு அது உடலின் நடுப்பகுதிக்குச் சுருங்கிவிடுகிறது. அதிலும் ஏறத்தாழ பாதி மஜ்ஜை இடுப்பு எலும்புகளிலும் கீழ் முதுகெலும்பிலும்தான் இருக்கிறது. கர்ப்பப்பை வாய், கர்ப்பப்பை, பிறப்புறுப்பு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது குறி வைப்பது அதே இடுப்பைத்தான். நோயைச் சுற்றியுள்ள நெறிக்கட்டிகளுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதால் இடுப்பு எலும்பைத் தொடாமல் கொடுக்க வழியில்லை. கிணற்றில் விழுந்த பாம்பை அடிக்கப் போனால் ஊற்றுக்கண்ணும் கொஞ்சம் கலங்கத்தான் செய்யும்.

வாரத்துக்கு 5 நாள் வீதம் 25 நாள், மொத்தம் 45 முதல் 50 கிரே அளவு வெளிக் கதிர்வீச்சு. அதோடு வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து. பிறகு கர்ப்பப்பைக்குள் கருவி வைத்துக் கொடுக்கும் உள் கதிர்வீச்சு சில தடவை. நோய் அந்த இடத்தைத் தாண்டிப் பரவாத பெண்களுக்கு இதுவே வழக்கமான முறை. கதிர்வீச்சோடு கீமோவும் சேர்த்துக் கொடுத்தால் உயிர் பிழைப்பவர்கள் கூடுகிறார்கள் என்று 1999-ல் அமெரிக்கப் புற்றுநோய் நிறுவனம் மருத்துவர்களுக்கு அறிவித்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க இதுதான் நடைமுறை. ஆனால் சிஸ்பிளாட்டினும் மஜ்ஜையைத்தான் தொடும். கதிர்வீச்சு மட்டும் பெறுகிறவர்களைவிட இரண்டும் பெறுகிறவர்களுக்கு அணுக்கள் அதிகம் குறைவது அதனால்தான்.

குறைவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. வெள்ளணுக்கள் முதலில் இறங்கும். அவற்றில் பெரும்பாலானவை நீண்ட நாள் வாழ்வதில்லை. புதிதாக ஊறுவது தடைப்பட்டதும் இருப்பு தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் பரிசோதனைச் சீட்டில் 4,000-க்குக் கீழே போவதைப் பார்க்கலாம். அடுத்தது தட்டணு, ஆயுள் ஒரு வாரம், பத்து நாள். சிவப்பணு 120 நாள் வாழும் என்பதால் ஹீமோகுளோபின் மெதுவாகத்தான் இறங்கும். ஏற்கெனவே 12, 13 என்று இருக்கும் பெண்ணுக்கு இந்த 5 வாரத்தில் ஒன்றோ இரண்டோ குறைந்தால் அவருக்கே தெரியாது. 7-ல் தொடங்குகிறவருக்கு?

நம் பெண்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

7-ல் தொடங்குகிறவர்கள்

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களிடம் இது மற்றவர்களைவிடக் கூடுதல் என்பதையும் அதே கணக்கெடுப்பு காட்டுகிறது. காரணம் தேட ஆய்வுக்கூடம் போக வேண்டியதில்லை. செருப்பில்லாமல் ஈரக் காட்டில் நின்று களையெடுத்த காலில் ஏறிய கொக்கிப் புழு, அடுத்தடுத்த பிரசவம், எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம், ரேஷன் அரிசியும் ரசமுமாக ஓடும் வாரங்கள். இதற்கு மேல் நோயே மாதக்கணக்கில் உதிரப்போக்காக ரத்தத்தை எடுத்துவிடுகிறது. மருத்துவமனை வாசலை மிதிக்கும்போதே பாதி ரத்தம்தான்.

ரத்தம் குறைவாக இருப்பது மயக்கம், மூச்சிரைப்பு என்பதோடு நிற்பதில்லை. கதிர்வீச்சு நோய்த் திசுவைக் கொல்ல அங்கே ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத திசு இரண்டரை முதல் மூன்று மடங்கு வரை கதிர்வீச்சைத் தாங்கி நிற்கும் என்பது கதிரியக்க மருத்துவத்தின் பழைய பாடம். ஆக்சிஜனைக் கொண்டுபோவது ஹீமோகுளோபின். அதனால்தான் பெரும்பாலான சிகிச்சை மையங்கள் அதை 10-க்கு மேல் வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. "ரத்தம் ஏற்றினால்தான் கரண்டு" என்று சொல்வது அலைக்கழிப்பதற்காக அல்ல. ஆனால் ஏன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த 44 வயதுப் பெண் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

இன்னொன்று நாள் கணக்கு. வெளிக் கதிர்வீச்சு, உள் கதிர்வீச்சு இரண்டும் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டும் ஒவ்வொரு நாளும் இடுப்புக்குள் நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம் வரை குறைகிறது. இடையில் விட்ட நாட்களில் நோய்த் திசு மறுபடி வளர்ந்துகொள்கிறது. அணுக்கள் இறங்கிவிட்டன என்று மருத்துவர்கள் கீமோவை ஒரு வாரம் தள்ளிவைப்பார்கள். கதிர்வீச்சை அவ்வளவு எளிதில் நிறுத்த மாட்டார்கள். எண்ணிக்கை மிக மோசமாக விழுந்தால்தான் சில நாள் இடைவெளி. "இந்த வாரம் கீமோ இல்லை" என்று சொன்னதைக் கேட்டு, சிகிச்சையே இல்லை என்று நினைத்து ஊருக்கு பஸ் ஏறிய பெண்கள் இருக்கிறார்கள். அந்த வாரமும் கரண்டு உண்டு என்பதை வார்டில் அழுத்திச் சொல்ல வேண்டும்.

கூலி வேலைக்குப் போகும் வீட்டில் 8 வாரம் என்பது சின்னக் கணக்கு அல்ல. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்குச் சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகளின் கூலிக்கு யாரும் காப்பீடு தருவதில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்துக்கு மட்டும்தான். மாவட்டம் விட்டு மாவட்டம் போகும் பேருந்துக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். ரயிலில் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவர் ஒருவருக்கும் கட்டணச் சலுகை இருக்கிறது. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழ் வாங்க வேண்டும். நாம் பேசிய இரண்டு வீடுகளிலும் அந்தச் சான்றிதழைப் பற்றிக் கேள்விப்பட்டவர் ஒருவரும் இல்லை.

மாட்டுக்கறியும் மாதுளையும்

ரத்தம் ஊற என்ன கொடுக்கலாம் என்பதுதான் எல்லா வீட்டிலும் முதல் கேள்வி. அந்த அம்மாவின் மகள் முதல் வாரம் மாட்டுக்கறியை நன்றாக வேகவைத்து, காரம் குறைத்துத் தூக்குவாளியில் கொண்டுபோயிருக்கிறார். வார்டில் வாளியைத் திறந்ததும் பக்கத்துக் கட்டில்காரரின் உறவினர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதெல்லாம் இங்க கொண்டு வராதீங்க" என்றாராம். யாரும் தடுக்கவில்லை, யாரும் சண்டை போடவும் இல்லை. மறுநாளிலிருந்து மகள் மாதுளம்பழம் வாங்க ஆரம்பித்துவிட்டார். அரைக்கிலோவுக்கு அவருடைய அரைநாள் கூலி போனது.

மாதுளையும் பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். அவற்றில் இரும்புச்சத்து அப்படி ஒன்றும் அதிகம் இல்லை. மாட்டுக்கறி, ஈரல், நம் ஊரில் ரத்தம் குறைந்தவருக்கென்றே தேடி வாங்கித் தரும் ஆட்டுச் சுவரொட்டி, மீன் ஆகியவற்றில் உள்ள இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. சேரியில் மலிவாகக் கிடைத்த சத்தை வெட்கப்பட வைத்துப் பிடுங்கிக்கொண்டு, விலை கூடிய பழத்தைக் கையில் கொடுத்த கதை இது. வார்டில் என்ன சாப்பிடலாம் என்று சொல்ல வேண்டியது மருத்துவரும் சத்துணவு ஆலோசகரும்தான். பக்கத்துக் கட்டில்காரருக்கு அதில் வேலை இல்லை.

கறியானாலும் முட்டையானாலும் நன்றாக வேக வேண்டும். வெள்ளணு இறங்கியிருக்கும்போது அரைவேக்காடு, பச்சைக் காய், தெருவோர ஜூஸ் எல்லாம் ஆபத்து. முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் குடல் புண்பட்டு வயிற்றுப்போக்கு வரும்போது கீரையும் நார்ச்சத்தும் அதைக் கூட்டும். அந்த நாட்களில் குழைந்த சாதம், மோர், முட்டை, மீன். சாப்பாட்டோடு சேர்த்து டீ குடித்தால் இரும்பு உடலில் சேராது; ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். கீமோ கொடுக்கும் நாளில் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும்.

சாப்பாட்டால் மட்டும் 5 வாரத்தில் 7-ஐ 10 ஆக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்பு மாத்திரைக்கு மாதக்கணக்கில் நாள் வேண்டும். நரம்பு வழி இரும்பு மருந்து கொஞ்சம் சீக்கிரம். அவசரத்துக்கு ரத்தம்தான். ஒரு யூனிட் சிவப்பணு ஏற்றினால் ஹீமோகுளோபின் சுமார் ஒரு புள்ளி ஏறும். வெளியில் சிலர் "ரத்தம் ஊறும் ஊசி" என்று விலை சொல்வார்கள். அந்த வகை ஊசிகளால் ரத்தக் கட்டி வருவதும், புற்றுநோய் வேகமாவதும் ஆய்வுகளில் தெரியவந்து, கவனமாக இருக்கும்படி எச்சரிக்கைகள் வந்திருக்கின்றன. சிகிச்சை பார்க்கும் மருத்துவர் எழுதாமல் அதைத் தொடக் கூடாது.

100.4

எல்லாவற்றையும்விட உயிருக்கு உடனடி ஆபத்து காய்ச்சல். வெள்ளணு குறைந்தவருக்குச் சீழ் பிடிப்பது, வீங்குவது, சளி கட்டுவது போன்ற அறிகுறிகள்கூட வராது. எதிர்த்து நிற்கும் அணுக்களே இல்லாததால் காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். 100.4 டிகிரி தொட்டாலே அது அவசரம். இரவு இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும். காலைவரை பார்க்கலாம் என்று படுக்கக் கூடாது. ஊசி போடுகிறவரிடம் போனால் காய்ச்சல் அடங்கும், கிருமி அடங்காது. இந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான். 108-ஐ அழைத்து, "புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். இரண்டு வீட்டிலும் இல்லை.

பல்லீறில் ரத்தம், தோலில் செம்புள்ளி, மூக்கில் ரத்தம் என்றால் தட்டணு இறங்கியிருக்கிறது என்று பொருள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் நரம்பில் ரத்தம் உறைந்திருக்கலாம். புற்றுநோயாளிகளுக்கு அது வரக்கூடியது. எண்ணெய் போட்டு நீவக் கூடாது. உடனே காட்ட வேண்டும்.

வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனை கட்டாயம். சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைப்பதோடு விடாமல் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஹீமோகுளோபின் எவ்வளவு, வெள்ளணு எவ்வளவு, தட்டணு எவ்வளவு. அந்த அம்மாவின் பேரன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு மூன்று எண்ணையும் எழுதி வைத்திருந்தான். நாம் பார்த்த மருத்துவச் சீட்டுகள் எல்லாவற்றையும்விட அந்தப் பக்கம்தான் நமக்குத் தெளிவாகப் புரிந்தது. நான்காவது வாரம் வெள்ளணு 1,100. பக்கத்தில் "பாட்டி ஆஸ்பத்திரி" என்று எழுதியிருந்தான்.

யார் கொடுப்பது

அரசு மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் ஏழைக்கு ரத்தம் வாங்கித் தரும் பொறுப்பு மருத்துவமனையுடையது. காசுக்கு ரத்தம் கொடுப்பதையும் வாங்குவதையும் உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை அடுத்து 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறார்கள். தானம் செய்ய முன்வாருங்கள் என்று கேட்பதில் தவறில்லை. ஆள் கொண்டு வந்தால்தான் ரத்தம் என்பது வேறு. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறவர்கள் யார், இல்லாதவர்கள் யார் என்று பார்த்தால் இந்த நிபந்தனை யார் தலையில் விடிகிறது என்பது தெரியும். சோகை பிடித்த தெருவிடம் போய் ரத்தம் கேட்கிறார்கள். நான்கு பேர் போய் இரண்டு பேர் திரும்பியதைத்தான் மேலே எழுதினோம்.

அந்தந்த ரத்த வங்கியில் எந்தப் பிரிவு எவ்வளவு இருப்பு என்பதை மத்திய அரசின் இ-ரக்த்கோஷ் தளத்தில் கைபேசியிலேயே பார்க்கலாம். இருப்பு இருந்தும் இல்லை என்று சொன்னால் 104 எண்ணில் புகார் சொல்லலாம். அரசுக்கு நாம் வைக்கும் கோரிக்கைகள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. புற்றுநோய் என்று உறுதியான அன்றே, கதிர்வீச்சுக்குத் தேதி வாங்க வரிசையில் நிற்கும் வாரங்களிலேயே, மாவட்ட மருத்துவமனையில் ரத்தத்தை ஏற்றத் தொடங்கலாம். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. வாராந்திரப் பரிசோதனைக்கு மட்டுமாவது பெண்களை வேறு ஊருக்கு இழுக்காமல் இங்கேயே பார்த்து முடிவை அனுப்பலாம். உடன் இருப்பவர் படுக்க ஓரிடம், வார்டில் தமிழில் அச்சடித்த ஒரு பக்கத் தாள். இடுப்பு எலும்பின் மஜ்ஜையில் படும் அளவைக் குறைத்துக் கதிர் வீசும் புதிய இயந்திர முறைகள் வந்திருக்கின்றன. பழைய கோபால்ட் இயந்திரத்தால் அதைச் செய்ய முடியாது. எந்த மாவட்டத்துப் பெண்ணுக்கு எந்த இயந்திரம் கிடைக்கிறது என்ற கணக்கையும் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த மாவட்டத்துக்கு இன்னொரு பெருமை உண்டு. பலருக்கு மறந்துவிட்டது. 2000-ம் ஆண்டு தொடங்கி திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊராட்சிப் பகுதிகளை எடுத்து, சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையும் ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவ மையமும் மற்றவர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி ஊராட்சிகளில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது ஏறக்குறைய வினிகரை, கர்ப்பப்பை வாயில் தடவி வெறும் கண்ணால் பார்த்தார்கள். வெளுத்துத் தெரிந்தவர்களுக்கு ஆரம்பத்திலேயே வைத்தியம். 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. பார்த்த ஊர்களில் இந்த நோயால் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. உலகத்துக்கே பாடம் சொன்ன நம் மாநிலத்தில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தச் சோதனை செய்துகொண்டவர்கள் 2019-21 கணக்கெடுப்பில் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 2 சதவீதம்கூட இல்லை என்பதால் இதைப் பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனை இலவசம். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கதிர்வீச்சே தேவைப்படாது.

முடிந்த பிறகு

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் மஜ்ஜை தேறத் தொடங்கும். கதிர் அதிகம் பட்ட இடத்தில் கொஞ்சம் கொழுப்பாக மாறிவிட்டாலும் மற்ற எலும்புகளின் மஜ்ஜை ஈடுகட்டும். அந்த அம்மாவுக்குப் போன மாதப் பரிசோதனையில் 10.4. பூப்பறிக்க இன்னும் போகவில்லை. குனிந்தால் தலை சுற்றுகிறதாம்.

ஆனால் மாதங்கள், சில வருடங்கள் கழித்தும் மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். நோய் திரும்பிவிட்டது என்று பயந்து மறைக்கிறவர்கள் அதிகம். கதிர்பட்ட குடலிலும் மூத்திரப்பையிலும் ரத்தக்குழாய்கள் நைந்து போவதால் வருவதாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. சிறுகுடலின் கடைசிப் பகுதியில் கதிர் பட்டிருந்தால் பி12 சத்து உடலில் சேராமல் சோகை வரும். இரும்பு மாத்திரை எத்தனை போட்டாலும் ஏறாது. மருத்துவரிடம் பி12 பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

நாம் கிளம்பும்போது அந்த அம்மாவிடம், சிகிச்சையை விட்டுவிட்ட பெண்ணைப் பற்றிச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தார். பேரனின் நோட்டையும் எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அவர் பேசியதில் மருத்துவம் அதிகம் இல்லை. "மதினி, என்னையப் பாருங்க. எனக்கும் ஏழுதான் இருந்துச்சு. ஏத்துனாக, எறங்குச்சு, மறுபடி ஏத்துனாக. கரண்டு உறிஞ்சல, ஊத்தக் கலக்கி விட்டுருது, அப்புறம் ஊறிருது. எனக்கு இப்ப பத்து" என்று நோட்டைப் பிரித்துக் காட்டினார். கணவரைப் பார்த்து, "அண்ணே, இன்னும் பன்னண்டு நாளுதான். பாதியில விட்டா வச்சதும் வீணு" என்றார். அவர் பதில் சொல்லவில்லை. ரத்தத்துக்கு ஆள் கேட்பார்களே என்று மட்டும் கேட்டார்.

அந்தக் காலனியின் அம்பேத்கர் மன்றத்தில் 18 வயது முடிந்த பையன்கள் ஒரு தாளில் பெயர், ரத்தப் பிரிவு, கடைசியாகக் கொடுத்த தேதி எழுதி ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஆண்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். நாம் பார்த்தபோது 11 பெயர் இருந்தது.

விட்ட நாட்களுக்கு ஈடாகக் கணக்கை மாற்றிப் போட மருத்துவர்களுக்கு வழிகள் உண்டு. எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறாரோ அவ்வளவுக்கு அது பலிக்கும். திங்கட்கிழமை இரண்டு பெண்களும் ஒரே பஸ்ஸில் போனார்கள். பத்து மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 8.6. இரண்டு யூனிட் வேண்டும் என்றார்கள். மன்றத்துப் பையன்கள் மூன்று பேர் அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள்.